தீயன் போட்ட கட்டு

அவரிடம் ஒரு விஷயத்தைத் தோராயமாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. பக்கத்து டீக்கடையில் "ரெண்டு நிமிசத்துல தாரேன்" என்று சொன்ன மாஸ்டரிடம், டீ வந்ததும், "ஏழு ஆச்சுண்ணே" என்பார். சண்டைக்கு இல்லை, தகவலுக்கு. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் இறந்தவருடைய வயது தப்பு என்று தெரிந்து, துக்க வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தவர். அவர்கள் அடிக்காமல் அனுப்பியது அவர் ஜாதக பலன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

காளவாசல் முக்கில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரை அவர்தான் பார்த்துக்கொண்டார். முதலாளி வெளிநாட்டில் இருந்தார். இவருக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, பையில் ஒரு பென்சில், ஒரு அழிரப்பர். பேனா வைத்துக்கொள்ள மாட்டார். பேனாவால் எழுதினால் தப்பை மாற்றச் சோம்பல் வந்துவிடும் என்பது அவருடைய கட்சி.

நான் அப்போது நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழக விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில். மதிய வகுப்பை வெட்டிவிட்டு பஸ் ஏறினால் காளவாசல்தான். சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள். காலையில் பரீட்சை ரிசல்ட்டும் ஜாதகப் பொருத்தமும் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மதியம் கூட்டம் வடிந்த பிறகு ஆறிலும் ஒரே விளையாட்டு ஓடும்.

வாளும் மந்திரமும் பாழடைந்த கோட்டைகளும் உள்ள விளையாட்டு. யாரோ நகலெடுத்துக் கொடுத்த சிடி. அதில் கதை சொல்லும் படங்களையெல்லாம் வெட்டி எறிந்திருந்தார்கள். யாருக்காக, எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கோட்டையின் கடைசியிலும் ஒரு பெரிய எதிரி நிற்பான். அவனைத்தான் பாஸ் என்போம். மொத்தம் பதினோரு பாஸ். அவர்களுடைய நிஜப் பெயர் தெரியாததால் பெயரும் நாங்களே வைத்தோம். மாட்டுத் தலையோடு வருகிறவன் கொம்பன். ஐஸ் கட்டிமேல் நின்று ஈட்டி எறிகிறவள் பனிக்கிழவி. சிறகு முளைத்து நெருப்புத் துப்பும் பாம்பு தீயன்.

இந்தப் பதினோரு பேரில் யார் அதிகக் கஷ்டம், யார் குறைவு என்று வரிசைப்படுத்தி ஒரு சார்ட் தாளில் எழுதி, தன் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டியிருந்தார் அவர். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்த வரிசைக்கு அவர் வைத்திருந்த சட்டதிட்டம் ஹைகோர்ட்டில்கூட இருக்காது.

பனிக்கிழவியை மூன்றாம் இடத்துக்கு ஏற்றவேண்டும் என்று ஒருத்தன் வந்து நின்றான்.

"பதினாலு தடவ செத்துட்டேண்ணே."

"செத்த, சரி. அவ கொன்னாளா, நீயா போய் விழுந்தியா?"

அவனுக்குப் புரியவில்லை. அவர் எழுந்து போய் அவன் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். பனிக்கிழவி நிற்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு பள்ளம். பயந்து பின்வாங்கினால் அதில் போய் விழவேண்டியதுதான். அவன் முக்கால்வாசி அங்கேதான் விழுந்தான். "பள்ளம் கொன்னத கெழவி பேருல எழுதக் கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கிழவி ஏழாம் இடத்திலேயே இருந்தாள்.

எனக்கு அப்போதெல்லாம் அவர் மேல் எரிச்சல்தான் வரும். ஒரு விளையாட்டுக்கு இத்தனை நியாயமா என்று தோன்றும். ஆனாலும் அந்தச் சார்ட்டைப் பார்க்காமல் யாரும் அடுத்த கோட்டைக்குள் கால் வைக்க மாட்டோம். அவர் நாலாம் இடம் என்றால் அது நாலாம் இடம்தான். அந்த வயதில் எங்களிடம் அப்படி நம்பிப் பேச வேறு ஆள் இல்லை.

இந்தக் குணத்தால் அவருக்கு நடந்த நஷ்டங்களை அவரே ஒரு வருத்தமும் இல்லாமல் சொல்வார். ஏதோ ஒரு அரசுத் தேர்வில் ஒரு கேள்விக்குக் கொடுத்திருந்த நாலு விடையும் தப்பாம். எல்லோரும் கிட்டத்தில் வருகிறதைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். இவர் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார். ஒரு மதிப்பெண்ணில் வேலை போனது. "தெரிஞ்சே தப்பான விடைய எப்படித் தொடுறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் அவருடைய அண்ணன் இவருக்கு வயது இருபத்தொன்பது என்று சொல்லிவைத்திருந்தார். காபி வந்தது. பெண் வந்தது. எல்லாம் கூடி வரும் நேரத்தில் இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "முப்பத்து மூணுங்க" என்றாராம். அண்ணன் அதற்குப் பிறகு இவரோடு பேசுவதில்லை.

சார்ட்டில் பத்து பெயர்கள் பென்சிலில் இருந்தன. முதலிடம் மட்டும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில். அதில் மாற்றத்துக்கே இடமில்லை என்று அவரே நம்பிய ஒரே வரி அது. தீயன்.

தீயனிடம் அப்படி என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். மற்ற பாஸ்கள் அடிப்பார்கள், நாமும் அடிக்கலாம். தீயன் சிறகைத் தூக்கி நெருப்பைத் துப்ப ஆரம்பித்ததும் நம் ஆள் அப்படியே உறைந்து நின்றுவிடுவான். கீ போர்டை எத்தனை தட்டினாலும் கை எழும்பாது, கால் நகராது. திரும்ப அசையும்போது அவன் பாதி வெந்திருப்பான். எங்கள் பக்கத்தில் மந்திரவாதி வாய்க்கட்டுப் போட்டால் நாய் குரைக்காது என்பார்கள். எவனோ ஒருத்தன், "தீயன் கட்டுப் போடுறாண்டா" என்று சொல்லப் போக, அதுவே நிலைத்துவிட்டது. சார்ட்டிலும் எழுதியிருந்தார்: "முதலிடம், தீயன். காரணம், கட்டு." அவரே அதில் ஜெயித்ததில்லை.

ஜெயித்தவன் முருகேசன் ஒருத்தன்தான். என் வகுப்புத் தோழன், திருமங்கலத்துக்காரன். படிப்பில் ஏழு பேப்பர் பாக்கி வைத்திருந்தான். அவன் அப்பாவுக்குத் திருமங்கலத்தில் உரக்கடை. விடுதிக்கு போன் போட்டு, எடுத்தவன் யாராக இருந்தாலும், "அந்த ஒண்ணுத்துக்கும் ஆகாதவனக் கூப்பிடுங்க" என்பார். முருகேசன் சிரித்துக்கொண்டே வந்து வாங்குவான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

அவன் இரண்டு மாதம் தீயனோடு மல்லுக்கட்டினான். கட்டு விழப்போகும் நேரத்தை வாய்க்குள் எண்ணிப் பழகினான். நெருப்பு வந்த பிறகு விலகினால் முடியாது. ஆகவே இன்னும் வராத நெருப்புக்கு முன்கூட்டியே விலகி, உறைந்து நிற்கிற இடமே பாதுகாப்பான இடமாக இருக்கும்படி செய்துகொண்டான். ஒரு புதன்கிழமை மதியம் தீயன் விழுந்தான். ஆறு நாற்காலியும் காலியாகி எல்லோரும் அவன் பின்னால் நின்றோம். அவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, தீயன் பெயருக்குப் பக்கத்தில், "வென்றவர் முருகேசன்" என்று எழுதினார். முருகேசன் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. முருகேசன் படிப்பை விட்டுவிட்டு உரக்கடையில் போய் உட்கார்ந்தான்.

அந்த வருஷக் கடைசியில் பைபாஸ் ரோட்டில் குளுகுளு அறையோடு ஒரு புது சென்டர் திறந்தார்கள். அங்கே போய்வந்த ஒருத்தன் எங்கள் மாடியில் வந்து, "தீயன் சப்பைண்ணே. ஒண்ணுமே இல்ல" என்றான். எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தார்கள். அவர் செய்யவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "வா, பாத்துட்டு வருவோம்" என்று என்னைக் கூப்பிட்டார்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம். தீயன் சிறகைத் தூக்கினான். நெருப்பு வந்தது. திரை நிற்கவில்லை. அவர் ஆள் சாதாரணமாக நாலு எட்டு தள்ளி நின்றுகொண்டு, திரும்ப வந்து வெட்டினான். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. மறுபடி ஆடினார். மூன்றாவது தடவையும் ஆடினார். பிறகு அங்கே இருந்தவரிடம், "இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"எல்லாத்துலயும் கிராபிக்ஸ் கார்டு இருக்குண்ணே. நெருப்பு, தண்ணி வந்தாலும் படம் நிக்காது."

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வெயிலில் நின்றார்.

"கட்டுப் போட்டது தீயன் இல்ல. நம்ம மிஷினு" என்றார். பிறகு, "வாரவன் போறவன்கிட்டயெல்லாம் அவன் கொன்னானா நீயா விழுந்தியான்னு கேட்டேன். மிஷின் கொன்னுச்சான்னு கேக்கத் தோணலயே" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

மறுநாளே புது சார்ட் ஒட்டிவிட்டார். தீயன் ஒன்பதாம் இடத்தில், பென்சிலில். அதோடு விடுகிறவரா? பழைய சார்ட்டை நம்பியவர்கள் எல்லோரிடமும் தானே சொல்லவேண்டும் என்று கிளம்பினார். வந்தவர்களிடம் சொன்னார். வராதவர்களுக்கு போன் போட்டார். படிப்பு முடிந்து கம்பத்துக்குப் போய்விட்ட ஒருத்தனுக்குத் தபால் கார்டு எழுதினார். கடைசியில் முருகேசன் மட்டும் பாக்கி.

"அவன் பேர எழுதினது நானு. போன்ல சொல்றது மரியாத இல்ல. நேர்லதான் போகணும்" என்றார்.

"விட்டுருங்கண்ணே. அவன் இருக்கிற நெலமையில அது ஒண்ணுதான் அவனுக்கு மிச்சம்" என்று கெஞ்சினேன்.

"நெலம வேற, உண்ம வேற தம்பி. என் வாயால தப்பாப் போனத நாந்தான் திருத்தணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியார் நிலையத்தில் பஸ் மாறி திருமங்கலத்துக்குப் போனோம். வழி நெடுக நான் அவரோடு பேசவில்லை. கோபம். இவர் உண்மை பேசி யாருக்கு என்ன நன்மை நடந்துவிட்டது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன்.

உரக்கடைக்குப் பின்பக்கம்தான் வீடு. எங்களை வாசலில் பார்த்ததும் முருகேசன் முகம் வெளுத்துவிட்டது. இளைத்திருந்தான். "வாங்கண்ணே, வா மாப்ள" என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "கலர் வாங்கியாரேன்" என்று வெளியே ஓடிவிட்டான். முன்னறையில் அவன் அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மடியில் ஒரு துண்டு. நான் இன்னார் என்று சொல்லி, அவரையும் காளவாசல் சென்டர்க்காரர் என்று சொன்னேன்.

பெரியவர் அவரை வெகுநேரம் பார்த்தார். பேச்சு குழறித்தான் வந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"நீங்கதானா அது? பொய்யே பேச மாட்டாருன்னு ஒங்களச் சொல்லுவான்."

அவர் தலையை ஆட்டினார்.

"ஆசுபத்திரியில கெடக்கையில எம் பக்கத்துல ஒக்காந்து ஒரு கத சொன்னான். ஏதோ ஒண்ணுல அம்புட்டுப் பேரும் தோத்தப்ப இவன் ஒருத்தன்தான் ஜெயிச்சானாம். மதுரையில அதுதான் இருக்கதுலயே கஷ்டமாம். நா நம்பல. படிப்பும் போச்சு, யாவாரமும் பிடிபடல. இவனாவது ஜெயிக்கவாவது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க சொல்லுங்க தம்பி. நெசமா?"

வாசலில் முருகேசன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் கலர் சோடா பாட்டில்கள். எவ்வளவு கேட்டான் என்று தெரியாது, ஆனால் கடைசிக் கேள்வி அவன் காதில் விழுந்திருந்தது. உள்ளேயும் வராமல், வெளியேயும் போகாமல் நின்றான்.

நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன். அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தார் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடையில் யாரோ யூரியா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் போனது கேட்டது.

"நெசந்தாங்கய்யா" என்றார்.

நான் நிமிர்ந்தேன். அவர் பெரியவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல பதினோரு பேரு இருக்கான். தீயன்கிறவன்தான் இருக்கதுலயே கஷ்டம். அதுல மாத்தமே இல்ல. ஒங்க மகன் ஒருத்தர்தான் ஜெயிச்சாரு."

பெரியவர் நல்ல கையால் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏன்ய்யா அங்கயே நிக்கிற? வந்தவுகளுக்குக் கலர ஒடச்சுக் குடு" என்றார். தன் அப்பா தன்னை அய்யா போட்டுக் கூப்பிட்டு முருகேசன் கேட்டிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான். அவனால் மூடியைத் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்தேன்.

பஸ் ஸ்டாண்டுவரை எங்களோடு வந்தான். மதுரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவன் அவர் பக்கம் பார்க்காமல் பேசினான்.

"அண்ணே, உரம் எடுக்க மதுரைக்கு வந்தப்ப அந்தப் புதுக் கடையில நானும் ஆடிப் பாத்தேன். ரெண்டு நிமிசத்துல விழுந்துட்டான்."

அவர் சட்டைப்பையில் இருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒங்கள வாசல்ல பாத்ததும் எனக்குக் கையுங் காலும் ஓடல. அப்பா முன்னாடி சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

"சொல்லத்தான் வந்தேன்" என்றார் அவர்.

முருகேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினார்.

பஸ்ஸில் எனக்கு மனசு பொங்கிக்கொண்டு வந்தது. காலையில் திட்டிக்கொண்டு வந்த ஆளை இப்போது கொண்டாடவேண்டும் போல் இருந்தது. திருநகர் தாண்டியதும், "அண்ணே, நீங்க சொன்னது பொய்யே இல்ல. அந்த மிஷின்ல அது கஷ்டந்தான. அதுல அவன் ஒருத்தன்தான ஜெயிச்சான்?" என்றேன்.

"பொய்தான். தெரிஞ்சேதான் சொன்னேன். நீ அதுக்கு வேற பேரு வைக்காத" என்றார். பிறகு பெரியார் நிலையம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நான் போனபோது சார்ட் ஒட்டியிருந்த இடம் வெறும் சுவராக இருந்தது. யாராவது வந்து, "அடுத்தது யாருண்ணே கஷ்டம்?" என்று கேட்டால், "நீயே ஆடிப் பாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஆளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பையன்கள் பேசினார்கள். ஒருமுறை பொய் சொன்னவன் இனி வரிசை போடக் கூடாது என்று அவர் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். அதில் என் பங்கும் உண்டு. அவர் அன்று பொய் சொல்லவேண்டும் என்று நான் அத்தனை வேண்டிக்கொண்டேன். அது அவருக்கு என்ன விலை என்று யோசிக்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து முருகேசனின் அப்பா இறந்துபோனார். நான் துக்கம் கேட்கப் போய்விட்டு வந்து, கேள்விப்பட்டதை அவரிடம் சொன்னேன். பெரியவர் கடைசிவரை வீட்டுக்கு வருகிறவர் எல்லோரையும் பிடித்து உட்காரவைத்து, கோணிய வாயால் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாராம்: மதுரை ஜில்லாவில் ஐம்பதாயிரம் பேர் எழுதிய பரீட்சையில் என் மகன் முதலாவதாக வந்தான், ஒரு பொய் பேசாத மனுஷன் என் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பரீட்சையும் இல்லை, ஐம்பதாயிரமும் இல்லை. அவர் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவரு என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன். ஒரு சொல்லைக்கூட அவர் திருத்தவில்லை.